அப்பாவின் பேச்சும் பாட்டும்

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வரன் அமைந்ததை மாலதி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது அப்பா விஷயம்.

பக்கவாதம் வந்ததில் கை கொஞ்சம் தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. காபி வேண்டுமா என்றால் "அது... அது..." என்று திணறி, கோபத்தில் டம்ளரைத் தள்ளிவிடுகிறார். உன்னை வாயாடி என்று கூப்பிட்ட மனுஷன்! ஆனால் ஒருநாள் கோயில் ஒலிபெருக்கியில் பழைய முருகன் பாட்டு கேட்டதும், படுத்தபடியே ஒரு வார்த்தை பிசகாமல் கூடப் பாடினார். இனிப் பேசிவிடுவார் என்று ஆளாளுக்கு அழுதோம்.

இப்போது இசை சிகிச்சை செய்யும் ஒரு பெண் வீட்டுக்கு வருகிறாள். மனப்பாடமான பாட்டு தானாக ஓடிவரும், அதை வைத்துப் பேச்சு வந்துவிட்டதாக நம்பாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு அடிபட்டது மூளையின் இடப்பக்கம். பாட்டுக்கு வலப்பக்கமும் கைகொடுக்கிறது. அந்த வழியாகப் பேச்சைக் கொண்டுவரும் முறையை 1973-ல் பாஸ்டன் மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். 2011-ல் தலையில் குண்டடிபட்டுப் பேச்சிழந்த அமெரிக்க எம்.பி. கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மறுபடி பேசப் பழகியதில் இசை சிகிச்சைக்கும் பங்குண்டு.

அவள் வேலை செய்வதை நீ பார்க்கணும். "காபி வேணும்" என்று சாதாரணமாகச் சொல்லும்போது குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறதோ, அதையே இரண்டே சுரத்தில் இழுக்கிறாள். முதலில் வெறும் "ம்ம்". அப்பாவின் இடக்கையைப் பிடித்து அசைக்கு ஒரு தட்டு. அப்புறம் சேர்ந்து பாடுவார்கள். பாதியில் அவள் நிறுத்திவிடுவாள், மீதியை அப்பா முடிக்க வேண்டும். கடைசியில் "என்ன வேணும்?" என்று கேட்பாள். பதில் வந்தால் சரி. முகம் சுளித்தால் ஒரு படி பின்னால் போய் மறுபடி ஆரம்பம். போன வியாழக்கிழமை, அவள் இல்லாத நேரத்தில், அம்மாவைப் பார்த்து "காபி வேணும்" என்று இழுத்தே கேட்டுவிட்டார்!

நீ அனுப்பிய 'ரத்த அழுத்தத்துக்கு இந்த ராகம், தூக்கத்துக்கு அந்த ராகம்' பட்டியலை அழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. மாத்திரை மாதிரி ராகத்தை எழுதிக் கொடுக்கிற வேலையில்லை இது. ஒருவருக்கு ஆறுதலான பாட்டு இன்னொருவருக்கு இழந்தவரை நினைவூட்டி நோகடிக்கும். எதிரே இருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். அதனால்தான் இதைப் படித்துவிட்டுச் செய்கிறார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1944-லேயே இதற்குப் பட்டப்படிப்பு வந்துவிட்டது. நம் பக்கத்தில் புதுச்சேரியில் மருத்துவக் கல்லூரியோடு சேர்த்தே கற்றுத்தருகிறார்கள்.

ஆனால் எங்களுக்கு மருத்துவமனையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, வசந்தி. பேச்சுப் பயிற்சிக்குப் போங்கள் என்றார்கள். அதுவும் வேண்டியதுதான், அதை விடவில்லை. இப்படியும் ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே? உன் மாமனார் கடைசி வருடங்களில் வார்த்தையில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே இருந்தாரே, அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அப்போது யாருக்குத் தெரிந்தது? வாய் போனதென்று மூலையில் விட்ட பெரியவர்கள் எத்தனை வீட்டில் இருக்கிறார்களோ. நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆகணும். அப்பா இளவயதில் பாடிய பாட்டுகள் என்னென்ன என்று அந்தப் பெண் கேட்கிறாள். மார்கழி பஜனையில் அவர் எடுத்துக்கொடுத்தவையெல்லாம் உனக்குத்தான் நினைவிருக்கும். எழுதி அனுப்பு. குரலில் பதிவு செய்தாலும் சரி, சுருதியை மட்டும் கொஞ்சம் கவனி.

அன்புடன்,
மங்கை