ஆறு கிழட்டுக் களிறுகள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இப்போது பொடி எழுத்துகூடத் தெரிகிறது. அந்தத் தெம்பில் கண்டதையும் படிக்கிறேன், பெரும்பாலும் யானைகளைப் பற்றி.

“விதை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்குமா” என்று என்னை மடக்குவாயே, குணம் ரத்தத்தில் வருவதா வளர்ப்பில் வருவதா என்ற அந்தப் பழைய சண்டையில் உனக்குப் பாதி விட்டுக்கொடுக்கிறேன்.

மொசாம்பிக்கில் கோரோங்கோசா என்று ஒரு காடு. 1977 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர். தந்தத்துக்காகச் சுட்டுச் சுட்டே யானைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தீர்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. தந்தம் இல்லாத பெண்கள் போருக்கு முன் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு, போருக்குப் பின் பாதிக்குப் பாதி. அவளைச் சுட்டு என்ன லாபம்? அதனால் பிழைத்தாள், பெற்றாள். இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறதாம். மகளுக்கு வந்தால் தந்தம் முளைக்காது, அவ்வளவுதான். மகனுக்கு வந்தால் கருவிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் தந்தமில்லாத தாய்க்குப் பிறக்கும் கன்றுகளில் மூன்றுக்கு இரண்டு பெண். நாம் மக்னா என்கிறோமே, தந்தமில்லாத ஆண், அது அங்கே கிடையாது.

சரி, மீதிப் பாதி எனக்கு.

தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் பூங்காவுக்கு, அந்த நாட்டிலேயே உள்ள க்ரூகர் பூங்காவில் பெரிய யானைகளைக் கொன்றபோது மிஞ்சிய அநாதைக் கன்றுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தாயும் இல்லை, பெரிய ஆண்களும் இல்லை. வளர்ந்த பயல்கள் 1992க்கும் 1997க்கும் இடையில் 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றார்கள். வழக்கமாக இருபத்தைந்து வயதுக்கு மேல் பிடிக்கும் மதம் இவர்களுக்குப் பதினெட்டிலேயே பிடித்து, மாதக்கணக்கில் இறங்காமல் நின்றது. கன்னத்தில் மதநீர் வழிய, கண்ணில் பட்டதையெல்லாம் துரத்திக்கொண்டு திரிந்தார்கள்.

1998இல் க்ரூகரிலிருந்து ஆறு கிழட்டுக் களிறுகளைக் கொண்டுவந்தார்கள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மதம் பிடித்த இளசு எதிரே வரும், பெரியவர் ஒரு முட்டு முட்டுவார், சின்னவனுக்கு மதம் இறங்கிவிடும். காண்டாமிருகங்கள் சாவது நின்றது. ரத்தம் அதே ரத்தம்தானே, சேகர்? (அந்த வயதில் நமக்குக் கணக்கு வாத்தியார் இருந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே நமக்கு இறங்கிவிடும்.)

மலையாடுகளும் இப்படித்தானாம். அமெரிக்காவில் புது இடத்தில் கொண்டுபோய்விட்ட பெருங்கொம்பு ஆடுகளுக்கு எந்தப் பருவத்தில் எந்த மேட்டில் புல் துளிர்க்கும் என்றே தெரியவில்லை. பழைய மந்தைகள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். இவை நின்ற இடத்திலேயே நின்றன. வழி பிடிபடப் பல தலைமுறை ஆனது.

நீ இதற்கும் ஏதாவது பழமொழி வைத்திருப்பாய். எழுது, காத்திருக்கிறேன். முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன்,
ராஜா