நாலு மாதப் புண்ணுக்கு நாலு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் டாக்டர் பதில்கள் பகுதியில், 4 மாதமாக வாய்ப்புண் ஆறவில்லை, ஈறு உரிந்து வருகிறது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எல்லாம் வயிற்றுச் சூடு, பி காம்ப்ளெக்ஸும் மணத்தக்காளிக் கீரையும் போதும் என்று நாலு வரியில் பதில். பக்கத்திலேயே கால் பக்கத்துக்கு ஏலக்காய்ப் பாக்கெட் விளம்பரம். அந்தக் கம்பெனி விற்பது ஏலக்காய் மட்டும்தானா, வாயைப் புண்ணாக்கும் பான் மசாலாவுமா என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. போன வருடமே இதை எழுதினேன். ராசிபலனுக்கு ஆறு பக்கம் ஒதுக்கும் பத்திரிகையில் என் கடிதத்துக்கு இடமில்லை. சரி, போகட்டும்.

இதே மாத்திரையை என் மனைவி 7 மாதம் விழுங்கினாள். ரசம் வாயில் பட்டால் கண்ணில் நீர் கொட்டும். இட்லியைப் பாலில் கரைத்துக் குடிப்பாள். விடிந்தால் தலையணை உறையில் ரத்தக் கறை. ஒருவர் பூச்சி மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் கடைவாய்ப் பல் குத்துகிறது என்று அதை ராவிவிட்டார். பயாப்ஸி என்றதும் இவள் மிரண்டு ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்ற புளுகைத் தங்கள் தொடர்கதையில்தான் படித்திருந்தாள். ஒருவழியாக ஒருவர் சதை எடுத்தார், அதுவும் புண்ணின் நடுவிலிருந்து சுரண்டி. 'நாள்பட்ட அழற்சி' என்று ரிப்போர்ட். அது எங்களுக்கே தெரியுமே!

கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், வாய் மருத்துவத் துறையில், எங்கள் மகள் வயது டாக்டர் ஒருவர் புண்ணே இல்லாத ஈறில் பஞ்சால் லேசாகத் தேய்த்தார். பாலாடை மாதிரி தோல் நகர்ந்து சுருண்டது. புண்ணின் ஓரத்தில், நல்ல சதையோடு சேர்த்து, இரண்டு துணுக்கு எடுத்தார். ஒன்று சதையைப் பதப்படுத்தும் ஃபார்மலினில், மற்றது வேறொரு திரவத்தில். அதையும் ஃபார்மலினில் போட்டால் ஒளிரும் சாயச் சோதனைக்கு உதவாதாம்.

பெம்பிகஸ் வல்காரிஸ். தோல் செல்களை ஒட்டவைக்கும் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்குகிற நோய். ஒட்டுவாரொட்டி அல்ல, புற்றும் அல்ல. பெரும்பாலும் வாயில்தான் தொடங்கும். உடம்பில் கொப்புளம் வரப் பல மாதம் ஆகலாம். 1950-களில் ஸ்டீராய்டு சிகிச்சை வரும்வரை, வந்தவர்களில் பெரும்பாலோர் பிழைத்ததில்லை. இவளுக்கு அதற்குள் முதுகெல்லாம் கொப்புளம். இப்போது ரசம் சாப்பிடுகிறாள், ஸ்டீராய்டு புண்ணியத்தில் சர்க்கரையும் ஏறியிருக்கிறது.

அபூர்வ நோய்தான், ஒத்துக்கொள்கிறேன். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறிவிடும். அதனால்தான் 2 வாரம் தாண்டினால் காட்டச் சொல்கிறார்கள். வாய்ப் புற்றுக்கும் அதே கணக்குதான். 4 மாதம் என்று அந்தப் பெண் எழுதியதைத் தங்கள் டாக்டர் படித்தாரா, இல்லை பதிலை எழுதி வைத்துக்கொண்டு கேள்வியைத் தேடினாரா?

அடுத்த இதழில் இரண்டே வரி போடுங்கள்: 2 வாரம் ஆறாத புண்ணைப் பல் மருத்துவக் கல்லூரியில் காட்டவும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுக் கல்லூரிகளே இருக்கின்றன. அந்த வாசகிக்கு இதைத் தனியாகவும் தெரிவியுங்கள். எழுதிய தபால் கார்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் விலாசம் மட்டும் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
31 வருட வாசகன்,
மன்னார்குடி