இரண்டு முகப்பு நோட்டுக்கு உதவிய எல்லோருக்கும்

வணக்கம்.

நியூ ஜெர்சியில் நான் கணிதம் கற்பிக்கும் யூதப் பள்ளியில், 6ஆம் வகுப்புக் கணிதப் பாடமுறை, இரு புறமும் முன்னட்டை கொண்ட ஒரு நோட்டோடு, இந்தக் கல்வியாண்டில் அடியோடு மாறிவிட்டது. பாராட்டுகள் என் பெயருக்கு வருகின்றன; அவை சேர வேண்டியவர்கள் வேறு. பள்ளியில் ஆங்கிலத்தில் நன்றி சொல்லியாயிற்று. உதவியவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதால் தமிழிலும் எழுதுகிறேன்.

முதல் நன்றி, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதைக் கற்பிக்கும் ரபி (யூத மத ஆசான்) அவர்களுக்கு. எங்கள் பள்ளியில் பாதி நாள் தோரா என்ற யூத வேதம், தல்மூத், எபிரேய மொழி. மீதி நாள் கணிதம், அறிவியல், ஆங்கிலம். காலையில் பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து, ஒரு பத்தியை உரக்கப் படித்து, மேசையைத் தட்டி வாதாடுவார்கள். ஹவ்ரூத்தா என்ற பழைய முறை அது. அதே பிள்ளைகள் பிற்பகலில் என் வகுப்பில் பலகையைப் பார்த்து வாய் திறக்காமல் எழுதுவார்கள். நவீனமாக்க வந்த ஆலோசகர்கள் திரைகளையும் செயலிகளையும் காட்டிவிட்டுப் போனார்கள். ரபிதான், "என் வகுப்பில் ஒரு வாரம் வந்து உட்காருங்கள்" என்றார்.

தல்மூத் பக்கத்தில் மூலம் நடுவே இருக்கும். ஒரு புறம் 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபுறம் அவருக்குப் பின் வந்து, அவரையே பல இடங்களில் மறுத்தவர்களின் தோசஃபோத் என்ற உரை. 1520களில் வெனிஸில் டேனியல் போம்பெர்க் அச்சிட்டது முதல் நிலைத்துவிட்ட அமைப்பு இது. பரிமேலழகரையும் மணக்குடவரையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே அமர்த்தியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே கணித நோட்டுக்கு எடுத்துக்கொண்டோம். நடுவில் கணக்கு, ஒரு புறம் ஒருவர் போட்ட வழி, மறுபுறம் கூட்டாளியின் மறுப்பு. விடை சரியாகவே இருந்தாலும், மறுபுறம் வெறுமையாக இருந்தால் முழு மதிப்பெண் கிடையாது.

ஒரே நோட்டை இரு பாடங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார் ரபி. கணிதம் இடமிருந்து, எபிரேயம் வலமிருந்து. ஆகவே நோட்டுக்குப் பின்னட்டையே இல்லை, இரண்டும் முன்னட்டை. இந்த வினோதத்தை முகம் சுளிக்காமல் அச்சிட்டுத் தந்தவர் எடிசன் ஊரில் அச்சகம் நடத்தும் தூத்துக்குடி அண்ணாச்சி. மாதிரிப் பிரதியை எத்தனை முறை திருப்பி அனுப்பினோம் என்பது அவருக்குத்தான் தெரியும். காசும் வாங்கவில்லை.

பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் நன்றி, கொஞ்சம் தாமதமாகவேனும் இசைந்ததற்கு. உதவி ஆசிரியர் கேட்டபோது பணமில்லை என்றார்கள். ரபி தல்மூதைத் திறந்தார்: ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 50 என்றால் இரண்டு ஆசிரியர்கள், 40 என்றால் ஓர் உதவியாளர், அவருக்கான செலவில் ஊரும் பங்கேற்க வேண்டும். 'நம் வகுப்பில் 40 பேர் இல்லையே' என்று ஓர் உறுப்பினர் பிடித்துக்கொண்டார். பிறகு நடந்தது கூட்டமே அல்ல, ஹவ்ரூத்தா! உதவி ஆசிரியர் கிடைத்தார்.

தல்மூத் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இலவசமாகத் தரும் செஃபாரியா இணையதளத்துக்கும் எங்கள் வகுப்புகள் கடன்பட்டிருக்கின்றன. ஆனாலும் அச்சு நூல்களை நாங்கள் அகற்றவில்லை. யூத ஓய்வுநாளான சபாத் அன்று இந்த வீடுகளில் திரைக்கு ஓய்வு. பிள்ளை சனிக்கிழமை தந்தையோடு படிக்க வேண்டுமென்றால் காகிதம்தான் வேண்டும்.

பெற்றோருக்கு என்ன சொல்ல? ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள், ஈரானிலிருந்து வந்தவர்கள், இஸ்ரேலியர், தலைமுறைகளாக இங்கேயே இருப்பவர்கள் என்று தனித்தனி வட்டங்களாக இருந்தவர்கள், மாலை வகுப்பில் பிறர் வீட்டுப் பிள்ளையோடு ஜோடி சேர்ந்து கணக்குப் போட்டார்கள். அதன் பின்னரே கூட்டுச் சமையல் வந்தது. வெளியில் சமைத்ததைப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாது என்பதால் எல்லோரும் பள்ளிச் சமையலறையிலேயே சமைத்தோம். என் பங்கு எலுமிச்சை சாதம். கோஷர் என்ற யூத உணவு விதிகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் கறிவேப்பிலையை ஒவ்வோர் இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்த்தார். கோஷர் முத்திரை இல்லாத என் பெருங்காயத்தைத் திருப்பித் தந்துவிட்டார். பெருங்காயம் இல்லாமலே சாதம் தீர்ந்தது. அவருடைய பொறுமைக்கு ஒரு கும்பிடு.

செப்டம்பரில் 7ஆம் வகுப்புக்கும் இதே நோட்டு வேண்டும். அண்ணாச்சி, இந்த முறை பில் போட்டே ஆக வேண்டும்.

நன்றியுடன்,
6ஆம் வகுப்புக் கணித ஆசிரியர்