பட்டனை விரலுக்கடியில் மாற்றாதீர்கள்

இணையதள முகப்புகளுக்கு நிரல் எழுதும் தோழர்களுக்கு,

வணக்கம். நானும் இதே தொழில்தான். போன வாரம் அம்மாவுக்கு எடுத்த பஸ் டிக்கெட்டில் தேதி மாறிப்போய், ரத்து செய்யச் சொன்னேன். திரையில் ஒரு பெட்டி: 'முன்பதிவை ரத்து செய்யவா?' கீழே இரண்டு பட்டன்கள்: 'சரி', 'ரத்துசெய்'. அம்மா அழுத்தியது 'ரத்துசெய்'. வேறெதை அழுத்துவார்? அந்தப் பட்டன் ரத்து செய்வது கேள்வியைத்தான், டிக்கெட்டை அல்ல. பெட்டி மூடிக்கொண்டது, டிக்கெட் அப்படியே இருந்தது.

அது உலாவியின் கன்ஃபர்ம் பெட்டி. பட்டனில் என்ன எழுதுவது என்பதை உலாவியே முடிவு செய்யும்; நாம் தொட முடியாது. அதனால் சொந்தப் பெட்டி கட்டுங்கள். இப்படிப் பெட்டி கட்டவென்றே உள்ள ஹெச்டிஎம்எல் டயலாக் குரோமில் 2014லேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் 2022 மார்ச்சில். இனி சாக்குச் சொல்ல வழியில்லை. 'டிக்கெட்டை ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று எழுதினால் அம்மா என்னைக் கூப்பிட மாட்டார்.

சரி, சொந்தப் பெட்டி கட்டியாயிற்று. அப்புறம்தான் நம் கைவரிசை. ஜேக்வெரி யுஐ என்ற நிரல் நூலகத்தின் டயலாக்கில், பட்டன்களைக் குறிக்கும் பட்டன்ஸ் ஆப்ஷனை மறுபடி கொடுத்தால் பழைய பட்டன்களைத் துடைத்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். 'அனுப்பு' என்பதை 'அனுப்புகிறோம்' ஆக்கத்தான் நினைத்திருப்போம்; ஃபோகஸ் (விசைப்பலகையின் அழுத்தம் போய்ச் சேரும் இடம்) நின்ற பட்டனே காணாமல் போயிருக்கும். திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் திரைவாசிப்பானைக் கேட்டு வேலை செய்பவருக்கு அந்த நொடியில் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. (நானும் இதை வருஷக்கணக்கில் செய்தவன்.) அதே பட்டனை வைத்துக்கொண்டு டெக்ஸ்ட்கன்டென்ட்டை, அதாவது அதன்மேல் இருக்கும் எழுத்தை மட்டும் மாற்றினால் போதும். மறுபடி அழுத்தாமல் இருக்கப் பட்டனை முடக்கும் டிசேபிள்டு போட்டாலும் ஃபோகஸ் தடுமாறும். பட்டனை முடக்காமல், முடங்கியிருப்பதாகத் திரைவாசிப்பானுக்கு மட்டும் சொல்லும் ஏரியா-டிசேபிள்டு போட்டு, இரண்டாவது கிளிக்கை நிரலில் தடுங்கள்.

இன்னொன்று, 'அடுத்து' இருந்த அதே இடத்தில் கடைசிப் படியில் 'பணம் கட்டு' வந்து உட்காருவது. அவசரத்தில் இரண்டு தட்டுத் தட்டியவர் பணமும் கட்டிவிடுவார். படி மாறியதும் அரை நொடி தட்டலை ஏற்காமல் இருங்கள், இல்லையென்றால் அந்தப் பட்டனைத் தள்ளி வையுங்கள்.

அப்படியே அகலத்தையும் பாருங்கள். 'சேமி' என்பது 'சேமிக்கப்படுகிறது' ஆகும்போது பட்டன் நீண்டு, பக்கத்திலிருக்கும் 'அழி'யை நகர்த்தும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் இது கண்ணில் படாது. மிக நீளமான தமிழ்ச் சொல்லை வைத்து மின்-விட்த் (குறைந்தபட்ச அகலம்) போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்