கோணி ஊசிக்கு ஒரு நன்றி

கொழும்பை அடுத்த வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளத் தண்ணீர் வடிந்து முற்றத்துச் சேறு காயத் தொடங்கிவிட்டது. என்ன நடந்தது என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நிவாரணக் கணக்கை மூடுமுன் எங்கள் சங்கம் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான் நிறையப் பேர்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை கடையாக ஏறி இறங்கி, பற்றுச்சீட்டுப் புத்தகங்களை ஒரு அடிக்கட்டையும் குறையாமல் திருப்பித் தந்த பிள்ளைகளுக்கு நன்றி. முதல் மூன்று நாளும் சமைத்துத் தந்த அக்காமாருக்கு நன்றி. பருப்புக்குத் தேங்காய்ப்பால் விடாமல், சோற்றின் ஆவி அடங்கவிட்டு லஞ்ச் சீட்டில் கட்டியதால்தான் ஒரு பார்சலும் புளிக்கவில்லை. வாக்காளர் இடாப்பை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் வாடகைக்கு இருப்பவர்கள் விடுபட்டுப் போவார்கள் என்று சொல்லி, எங்களோடு வீடு வீடாக நடந்த கிராம உத்தியோகத்தருக்கும், இரவில் லொறி ஓட்டியவருக்கும் நன்றி. பழைய உடுப்பு மூட்டைகள் அனுப்பியவர்களுக்கும்தான். ஆனால் அடுத்த முறை தயவுசெய்து காசாகத் தாருங்கள். ஈர உடுப்பைத் தரம் பிரிக்க நாலு பேர் ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருந்தது.

இனி, பெயர் கேட்காமல் விட்ட ஒருவருக்கு.

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் உலர் உணவு வாங்கி, அங்கேயே ஓரமாக வைத்துப் பொதி கட்டினோம். ஒரு குடும்பத்துக்கு அரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, சீனி 1 கிலோ, கோதுமை மா 1 கிலோ, பால்மா 400 கிராம், தேயிலை 200 கிராம், டின்மீன் ஒன்று, நெத்தலிக் கருவாடு, உப்பு, இரண்டு சவர்க்காரம். பத்துக் கிலோவை எட்டும் பாரம். அதைக் கைப்பிடி வைத்த பொலித்தீன் பைகளில் போட்டோம். லொறியில் ஆறு வரிசை ஏறியதும் அடிவரிசைப் பைகள் வெடித்தன. டின்னின் விளிம்பு சீனிப் பக்கெட்டைக் கிழித்தது. சவர்க்கார வாசம் தேயிலைக்கு ஏறியது.

பக்கத்தில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்த நாட்டாமி (சுமை தூக்கும் தொழிலாளி) அண்ணன் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார்.

"தம்பி, இது வீட்டுக்குச் சாமான் கொண்டுபோற பேக். தண்ணிக்குள்ள போறதுக்குச் சரிவராது."

சாரன் மடிப்பிலிருந்து ஒரு கோணி ஊசியை எடுத்தார். சாப்பாட்டுக் கடைகளில் வெறுமையாகக் கிடக்கும் 25 கிலோ அரிசிச் சாக்குகளை வாங்கிவரச் சொன்னார். பத்துக் கிலோவுக்கு அவ்வளவு பெரிய சாக்கு எதற்கு என்று கேட்டோம். வாய்ப்பக்கம் மிச்சம் இருந்தால்தான் இரண்டு மடிப்பு மடிக்கலாம், மடித்துத் தைத்தால் மழைத் தண்ணீர் லேசில் உள்ளே போகாது என்றார். அரிசியை அடியில் பரப்பி, டின்மீனை அதற்குள் நிறுத்திப் புதைத்தார். சீனி, பருப்பு, மா மூன்றையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டி மேலே வைத்தார். பிறகு சணல் நூலால் ஐந்தாறு பெரிய தையல். இரண்டு மூலையிலும் ஒரு பிடி சாக்கைத் தைக்காமல் முறுக்கிக் கட்டிவிட்டார். அதற்குப் பெயர் காது. இரண்டு காதையும் பிடித்து ஒருவரே தூக்கலாம், இருவர் ஆளுக்கொரு காதாகவும் பிடிக்கலாம். சவர்க்காரத்தைத் தனியே சுற்றி வெளியே காதில் தொங்கவிட்டார். கடைசியில் இறுக்கி முடிச்சுப் போடவில்லை, சுருக்குத்தான். அவிழ்த்து நூலை இழுத்தால் சாக்கு கிழியாமல் வாய் திறக்கும், சாக்கும் அந்த வீட்டுக்கு உதவும்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கொலன்னாவை ஒழுங்கைகளில்தான் விளங்கியது. கைப்பிடிப் பை விரலை வெட்டும், முழங்கால் தண்ணீரில் இழுபடும். சாக்கு தோளில் ஏறும். மற்றக் கை பிள்ளையைப் பிடிக்கவும் மதிலைப் பிடிக்கவும் மிச்சம் இருக்கும். அதன்பிறகு ஏற்றியதில் ஒரு பொதியும் உடையவில்லை.

மூட்டை ஏற்றிய கூலியை அண்ணன் வழமையான கணக்கில் எண்ணி வாங்கிக்கொண்டார். அதுதான் முறை, அது அவருடைய நாள் சம்பளம். சொல்லித் தந்ததற்கு மட்டும் ஒன்றும் வாங்கவில்லை. ஊசியையும் எங்களிடமே விட்டுவிட்டு, "வேலை முடிய இங்கேயே கொண்டாங்க" என்றார்.

நிதி சேர்க்கும் மற்றச் சங்கங்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அரிசிக்குக் கேட்டால் எல்லோரும் தருவார்கள். சாக்குக்கும் சணலுக்கும் யாரும் தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது என்பதுதான் உண்மை. எங்கள் வரவுசெலவில் இனிப் பொதி கட்டும் செலவு தனி வரியாக வரும், நன்கொடை கேட்கும்போதே அதையும் சொல்லிக் கேட்போம். கொழும்பு நாகலகம் வீதியிலுள்ள ஆற்று நீர்மட்ட அளவுகோலில் களனி கங்கை 5 அடியைத் தாண்டினால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். ஏழு வரும்வரை பார்த்திராமல் ஐந்திலேயே சாக்கு எண்ணத் தொடங்குவோம். அலுமாரியில் பத்து ஊசியும் நூல் உருண்டைகளும் எப்போதும் இருக்கும்.

அண்ணே, உங்கள் ஊசியைக் கொண்டு இரண்டு தரம் நாலாம் குறுக்குத் தெருவுக்கு வந்தோம். உங்களைக் காணவில்லை. கடையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், மனம் வரவில்லை. சேற்றுத் தண்ணீர் பட்டு ஊசியின் காதோரம் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசி, கடதாசியில் சுற்றி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில் மறுபடி வருவோம்.