எடைக்குப் போகும் பழைய பேரேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு வீதியில் கிட்டங்கி (செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கடை) ஒன்றைக் காலி செய்தபோது, பழைய தாள் லாரியில் ஏறவிருந்த மூட்டையிலிருந்து பேரேடு ஒன்றை மீட்டேன். இருபத்து மூன்றை ௨௰௩ என்று எழுதும் அவ்வேட்டில், நிபோங் திபால் கரும்புத் தோட்டத்தை அண்டிய மளிகைக்கடைக்காரர் 1890களில் பெற்ற கடனும், ஏறிய வட்டியும், அரிசி மூட்டைக்குக் கொடுத்த வெள்ளியும் (டாலர்) வரிவரியாக உள்ளன. (கறையான் என்னைவிட அதிகம் படித்துவிட்டது.) அரசாங்க அறிக்கைகள் சர்க்கரை ஏற்றுமதியைக் கணக்கிட்டன, தோட்டத்து மக்கள் எதை என்ன விலைக்கு வாங்கி உண்டார்கள் என்பதை இத்தகைய ஏடுகளே சொல்லும். மாகாணி (1/16), முந்திரி (1/320) முதலிய பழைய தமிழ்ப் பின்னங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவருவதால், பரணில் ஏடு வைத்திருப்போர் அதை எடைக்குப் போடுமுன் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையிடமோ தேசிய ஆவணக் காப்பகத்திடமோ ஒருமுறை காட்ட வேண்டுகிறேன்.

வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு