இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் தடுமாறுவது ஏன்?

ஆசிரியருக்கு,

கடலூர் மாவட்டத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு பி.இ. நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர்களில் பலர் மீனவ, விவசாயக் கூலிக் குடும்பங்களின் முதல் பட்டதாரிகள். இடம் கிடைப்பதோடு சிக்கல் தீர்வதில்லை. கலந்தாய்வு முடிந்து அவர்கள் வகுப்புக்குள் நுழையும்போது மூன்றாம் பருவப் பாடம் சில வாரங்கள் ஓடியிருக்கும். ஃபூரியர் தொடரும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடும் கரும்பலகையில் நிற்கும். அதற்கு அடிப்படையான முதலாண்டுக் கணிதத்தையோ மற்றவர்கள் ஓராண்டு முழுக்கப் படித்திருப்பார்கள். பட்டறையில் கெட்டிக்காரரான மாணவர் கணிதத்தில் அரியர் வைப்பது இப்படித்தான். சோம்பல் என்று முத்திரை குத்துவது எளிது.

சேர்க்கை ஆணை வந்த அன்றே இணைப்பு வகுப்பு தொடங்கட்டும்: மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், விளக்கம் தமிழிலும். வகையீடு, தொகையீடு, அணிகள் போதும். மாணவர் சேர்ந்த நாளிலிருந்தே வருகைப் பதிவைக் கணக்கிட வேண்டும். தவறிய முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு மறுவாய்ப்பும் தர வேண்டும்.

உதவித்தொகை நின்றுபோவதற்குப் பெரும்பாலும் சிறு பிழைகளே காரணம். மதிப்பெண் பட்டியலில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறொன்று. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காதது. ஓராண்டே செல்லும் வருமானச் சான்று காலாவதியானது. டிப்ளமோ கடைசிப் பருவத்திலேயே பாலிடெக்னிக் அலுவலகம் ஒரு பிற்பகல் ஒதுக்கி இவற்றைச் சரிபார்த்தால் இ-சேவை மையத்துக்கு அலையும் கூலி நாட்கள் மிஞ்சும். மாற்றுச் சான்றிதழை நிலுவைக் கட்டணத்துக்காகப் பிடித்துவைப்பதையும் நிறுத்த வேண்டும்.

– பாலிடெக்னிக் விரிவுரையாளர்கள் சிலர்,
கடலூர் முதுநகர்